அரசு இணையதளத் தரநிலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு அலுவலகங்களின் இணையதளங்களைப் பராமரிப்பதும், அதில் பதிவேற்றம் செய்யும் ஊழியர்களுக்கு வகுப்பு எடுப்பதும் என் வேலை. வகுப்பில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். டீ இடைவேளையில்தான் கேள்விகள் வரும், எந்த ஊருக்குப் போனாலும் அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

கண் தெரியாதவங்க எப்படி சார் வெப்சைட் பார்ப்பாங்க?

பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கு ஸ்க்ரீன் ரீடர் என்று பெயர். கணினிக்கு என்விடிஏ இருக்கிறது, காசு கிடையாது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், இரண்டும் போனோடே வருகின்றன. உங்கள் போனிலேயே அமைப்புகளுக்குள் போனால் டாக்பேக் இருக்கும். ஒருமுறை போட்டுவிட்டு உங்கள் அலுவலகத் தளத்தைத் திறந்து பாருங்கள். (அணைப்பது எப்படி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். போட்டபின் போன் தொடுவதற்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒரு வகுப்பில் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள்.)

ஆனால் அணுகல்தன்மை, அதாவது தளத்தை எல்லோரும் தடையில்லாமல் பயன்படுத்த முடிவது, பார்வையற்றவர்களுக்கு மட்டும் இல்லை. கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாமல் கீபோர்டிலேயே வேலை பார்ப்பவர், காது கேளாதவர், சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவர், கண்புரை வந்த ஓய்வூதியக்காரர் எல்லோரும் இதில் அடக்கம். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம். அப்போது சட்டம் ஏற்றிருந்த வகைகள் ஏழு. 2016 சட்டம் அதை 21 ஆக்கியது.

ஜிஐஜிடபிள்யூ-ங்கறாங்க, டபிள்யூசிஏஜி-ங்கறாங்க. ரெண்டும் ஒண்ணா?

டபிள்யூசிஏஜி இணைய அணுகலுக்கான வழிகாட்டி, உலகப் பொதுவானது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்ற அமைப்பு வெளியிடுவது. 1999-இல் முதல் பதிப்பு, 2008-இல் 2.0, 2018-இல் 2.1, 2023-இல் 2.2. ஒவ்வொரு விதிக்கும் ஏ, ஏஏ, ஏஏஏ என்று ஒரு நிலை உண்டு. அரசுகள் பொதுவாகக் கேட்பது ஏஏ. 2.1 பதிப்பில் ஏஏ வரை எட்ட 50 விதிகளில் தேற வேண்டும்.

ஜிஐஜிடபிள்யூ நம் நாட்டு அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி. 2009-இல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான என்ஐசி கொண்டு வந்தது, 2019-இல் திருத்தம், 2023-இல் மூன்றாம் பதிப்பு. மூன்றாம் பதிப்பில் என்ஐசி-யோடு, தரச் சான்று தரும் எஸ்டிக்யூசி, இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் செர்ட்-இன் இரண்டும் சேர்ந்துகொண்டன. அதனால்தான் தரம், அணுகல், பாதுகாப்பு, பராமரிப்பு என்று நான்கு தலைப்புகள். அணுகல் பகுதி டபிள்யூசிஏஜி 2.1-இன் ஏஏ நிலையை அப்படியே எடுத்துக்கொள்கிறது. மற்றபடி அரசு முத்திரை எங்கே வர வேண்டும், கடைசியாகப் புதுப்பித்த தேதி, தொடர்பு முகவரி, பழைய டெண்டரை எப்போது காப்பகத்துக்கு மாற்றுவது போன்ற நம்மூர்ச் சமாச்சாரங்களும் அதில் இருக்கின்றன.

புதுசா டிபிஐஎம்-னு ஒண்ணு வந்திருக்காமே?

2025 பிப்ரவரியில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்ட வடிவமைப்புக் கையேடு. நிறம், எழுத்துரு, ஐகான் எல்லாம் எல்லா அமைச்சகத் தளங்களிலும் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்பது நோக்கம். எழுத்துரு நோட்டோ சான்ஸ். தமிழுக்கும் அதே குடும்பத்தில் எழுத்துரு உண்டு. இது தோற்றத்தைப் பற்றியது. இதைப் பின்பற்றினால் அணுகலும் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

இதெல்லாம் கட்டாயமா, இல்ல சும்மா அறிவுரையா?

கட்டாயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 42-ஆவது பிரிவு, மின்னணு ஊடகத்தில் உள்ளவை அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. 2017 விதிகளில் 15-ஆவது விதி இணையதளங்களுக்கு ஜிஐஜிடபிள்யூ-வைக் காட்டியது. 2023-இல் அணுகலுக்கான ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலையும் அந்த விதிக்குள் வந்தது. சட்டத்தை மீறினால் 89-ஆவது பிரிவின்படி முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 15-ஆவது விதியின் முதல் உட்பிரிவு சட்டத்துக்குப் புறம்பானது என்றது. இதைப் பாதியில் கேட்டவர்கள் "விதியே போயிடுச்சாமே சார்" என்று சந்தோஷமாக வந்தார்கள். நடந்தது அதற்கு நேர்மாறு. சட்டம் "செய்தே ஆக வேண்டும்" என்று சொல்லும்போது, விதி வெறும் வழிகாட்டிகளைக் கையில் கொடுத்தால் எப்படி என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களைத் தனியாகப் பிரித்து எழுது என்று மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. அடுத்து 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் ஒரு பகுதி என்று சொல்லிவிட்டது. ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்டவரிடம், கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்புக்காகக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னதிலிருந்து கிளம்பிய வழக்கு அது.

எங்க சைட்ல மேல ஏ+, ஏ− பட்டன் இருக்கு, கறுப்பு வெள்ளை பட்டனும் இருக்கு. அது போதாதா?

போதாது. இன்னும் சொல்லப்போனால், அது இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. எழுத்தைப் பெரிதாக்க பிரவுசரிலேயே வழி இருக்கிறது, கண்ட்ரோல் விசையோடு கூட்டல் குறி. குறைந்த பார்வை உள்ளவர் அதைத்தான் பயன்படுத்துகிறார், ஏனென்றால் அது எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யும். விதி கேட்பது வேறு: எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கம் உடையக் கூடாது, எதுவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏ+ பட்டன் வைத்திருக்கும் பல தளங்களில் 200 சதவீதத்தில் மெனு காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஓரத்தில் மிதக்கும் சக்கர நாற்காலி ஐகானைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ஒரு வரி நிரல் சேர்த்தால் போதும், தளம் முழுக்க அணுகத்தக்கதாகிவிடும்" என்று விற்கிறார்கள். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்துக்கு 2025-இல் அமெரிக்காவின் வணிக ஆணையம் 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. கோளாறு உள்ளே இருக்கும்போது மேலே பட்டன் ஒட்டி என்ன பயன்?

எங்க ஆபீசர் லைட் கிரே எழுத்துதான் டீசன்ட்டா இருக்குங்கறார். அவர்கிட்ட என்ன சொல்ல?

எண்ணைக் காட்டுங்கள், வாதம் வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும், பெரிய எழுத்தென்றால் 3-க்கு 1. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறம் 4.54 வாங்கித் தேறிவிடும். அதைவிட ஒரே ஒரு படி வெளிறிய #777777, 4.48-இல் தவறிவிடும். ஆபீசருக்குப் பிடித்த #999999 வெறும் 2.85. தலைமை எழுத்தருக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினால் ஆபீசரே ஒத்துக்கொள்வார்.

பலருக்கும் ஆச்சரியமாக இருப்பது சிவப்பு. வெள்ளையில் சுத்தச் சிவப்பு 4-க்கு 1தான் வருகிறது. "முக்கிய அறிவிப்பு" என்று சிறிய எழுத்தில் அந்தச் சிவப்பில் போட்டால் அது தவறுகிறது. அதைச் சிமிட்டவும் வைத்திருந்தால் இன்னொரு விதியும் போச்சு: தானாக ஓடுவது, சிமிட்டுவது எதுவும் ஐந்து விநாடிக்கு மேல் போனால் நிறுத்துவதற்கு வழி வேண்டும்.

ஜி.ஓ-வை ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்-ஆ போடறோம். கையெழுத்து, சீல் எல்லாம் தெரியணும்ல?

எல்லா வகுப்பிலும் கேட்கும் கேள்வி இது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பது காகிதத்தின் போட்டோ. ஸ்க்ரீன் ரீடர் அதைத் திறந்ததும் "காலி ஆவணம்" என்று சொல்லிவிடும். பன்னிரண்டு பக்க அரசாணை, ஒரு சொல் கிடையாது. ஓய்வூதிய உயர்வு பற்றிய ஆணையாக இருந்தாலும் சரி, கேட்பவருக்கே வரவேண்டிய உதவித்தொகை பற்றியதாக இருந்தாலும் சரி.

மேலே சொன்ன 15-ஆவது விதியே ஆவணங்களை இபப் என்ற மின்நூல் வடிவிலோ, எழுத்துணரி (ஓசிஆர்) வழியாக எழுத்தாக மாற்றிய பிடிஎஃப் ஆகவோ போடச் சொன்னது. ஆனால் எழுத்துணரி இரண்டாம்பட்சம்தான். அந்த ஆணை எங்கே பிறந்தது? யாரோ ஒருவர் கணினியில் தட்டச்சு செய்த கோப்பாகத்தான். அதை அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, பிறகு எழுத்துணரி வைத்து மறுபடி எழுத்தாக்குவது மூக்கைச் சுற்றித் தொடுகிற கதை. தட்டச்சு செய்தவரிடம் மூலக் கோப்பை வாங்குங்கள். ஸ்கேன் பிரதியையும் போடுங்கள், பக்கத்திலேயே எழுத்துப் பிரதியையும் போடுங்கள். கையெழுத்து தெரிய வேண்டியவருக்கு அது, படிக்க வேண்டியவருக்கு இது.

வேர்டில் தலைப்பைத் தடித்த எழுத்தாக மட்டும் ஆக்காமல், ஹெடிங் ஸ்டைல் கொடுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது பிரிண்ட் வழியாகப் போகாமல் சேவ் ஆஸ் வழியாகப் போங்கள். பிரிண்ட் வழியில் தலைப்பு, பட்டியல், அட்டவணை என்ற அடையாளமெல்லாம் உதிர்ந்துவிடும். என்விடிஏ-வில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். தலைப்பே இல்லாத ஆவணத்தில், ஒன்பதாம் பக்கத்துப் பத்தியைத் தேடுபவர் ஒன்றாம் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

நாங்க ஸ்கேன் பண்றதே இல்ல, டைப் பண்ணித்தான் போடறோம். ஆனாலும் தமிழை ஏதோ உளறுதே?

எழுத்துருவைப் பாருங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவாக இருக்கும். அவற்றில் கண்ணுக்குத் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஸ்க்ரீன் ரீடருக்குக் கண் கிடையாது, எழுத்துருவின் அழகு அதற்குத் தெரியாது. அது பாட்டுக்கு "ஜே கே பி ஓ" என்று வாசித்துக்கொண்டு போகும். உங்களுக்குமே நஷ்டம்தான்: அந்த ஆவணத்துக்குள் "தமிழ்" என்று தேடினால் கிடைக்காது, கூகுளிலும் வராது.

தமிழக அரசு 2010-லேயே, எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பழைய கோப்புகளை மாற்ற இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் சேரும் ஒகர, ஓகார எழுத்துகளிலும், "ஸ்ரீ"-யிலும் மாற்றிகள் இடறும். அட்டவணைக்குள் உள்ள ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துத் தமிழாக்கித் தள்ளியிருக்கும், அதையும் கவனியுங்கள்.

யூனிகோடுதான் சார். ஆனா தேதியும் நம்பரும் மட்டும் படிச்சுட்டு தமிழை அப்படியே தாண்டிப் போகுது.

பக்கத்தின் மொழி என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. அல்லது தப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள். பக்கத்தின் நிரலில் (எச்டிஎம்எல்) தொடக்கத்திலேயே 'லாங்' என்று ஒரு பண்பு உண்டு. ஆங்கில டெம்ப்ளேட்டை எடுத்துத் தமிழ் உள்ளடக்கம் போட்டவர்கள் அதை மாற்ற மறந்துவிடுவார்கள். பக்கம் தன்னை ஆங்கிலம் என்று சொல்லிக்கொள்கிறது, ஆங்கிலக் குரல் படிக்க வருகிறது, தமிழ் எழுத்து அதற்குத் தெரியாது, தாண்டிவிடுகிறது. மொழியைச் சரியாகக் குறித்தால் தமிழ்க் குரல் வரும். என்விடிஏ-வோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளில் தமிழ் இருக்கிறது. கொஞ்சம் ரோபோ மாதிரி பேசும், ஆனால் பழகியவர்கள் நாம் பின்தொடரவே முடியாத வேகத்தில் கேட்கிறார்கள்.

தமிழ்ப் பக்கத்துக்குள் ஓர் ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் தனியாக மொழி குறிக்க வேண்டும். இது ஏஏ நிலை விதி.

படத்துக்கு ஆல்ட் எழுதச் சொல்றாங்க. 'படம்'னு போட்டா போதுமா?

ஆல்ட் என்பது படத்துக்குப் பதிலாக ஸ்க்ரீன் ரீடர் வாசிக்கும் எழுத்து. அது படம் என்பது கேட்பவருக்குத் தெரியும், ஸ்க்ரீன் ரீடரே சொல்லிவிடும். அந்தப் படம் அங்கே எதற்கு இருக்கிறது என்பதை எழுதுங்கள். திறப்பு விழாப் படமென்றால் "புதிய நூலகக் கட்டடத்தை மாவட்ட ஆட்சியர் திறந்துவைக்கிறார்" போதும், சால்வையின் நிறம் வேண்டாம். வெறும் அலங்காரப் படமென்றால் ஆல்ட்டைக் காலியாக விடுங்கள். பண்பையே நீக்கிவிடாதீர்கள், நீக்கினால் சில ஸ்க்ரீன் ரீடர்கள் கோப்பின் பெயரை வாசிக்கும்.

உண்மையில் தலைவலி விழாப் படம் இல்லை, போஸ்டர். "சிறப்பு முகாம், இந்தத் தேதி, இந்த இடம், இந்தச் சான்றுகளோடு வரவும்" என்று எல்லாவற்றையும் ஒரே படமாக்கி முகப்பில் மாட்டிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்புக்குச் செய்த படம் அப்படியே தளத்துக்கு வந்துவிடுகிறது. அதே விவரத்தைப் படத்தின் கீழே நான்கு வரி எழுத்தாகப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

'இங்கே கிளிக் செய்யவும்'னு எழுதினா என்ன தப்பு?

ஸ்க்ரீன் ரீடரில் பக்கத்தின் எல்லா இணைப்புகளையும் ஒரு பட்டியலாக எடுக்கலாம். டெண்டர் பக்கத்தில் அப்படி எடுத்தால் "பதிவிறக்க, பதிவிறக்க, பதிவிறக்க" என்று நாற்பது முறை வரும். எந்தப் பதிவிறக்கம், எந்த டெண்டர்? இணைப்புச் சொல்லே அதைச் சொல்லட்டும்.

செக்யூரிட்டி ஆடிட்ல கேப்ட்சா வைங்கறாங்க, அணுகல் ஆடிட்ல அது இடிக்குதுங்கறாங்க. யார் பேச்சைக் கேக்கறது?

கேப்ட்சா என்பது வந்திருப்பது மனிதரா, நிரலா என்று பார்க்கும் சோதனை. இரண்டு பேர் சொல்வதும் சரி. இரண்டுமே ஜிஐஜிடபிள்யூ-வுக்குள்தான் இருக்கின்றன. பாதுகாப்பு ஆடிட்டரின் கவலை, ஒரு நிரல் ஆயிரம் விண்ணப்பத்தைக் கொட்டிவிடக் கூடாது என்பது. அதற்குக் கோணல்மாணல் எழுத்துப் படம் ஒன்றுதான் வழி என்பதில்லை. ஓர் எண்ணிலிருந்து எத்தனை முறை அனுப்பலாம் என்று வரம்பு வைக்கலாம், மனிதர் கண்ணுக்குத் தெரியாத, நிரல் மட்டும் நிரப்பி மாட்டிக்கொள்ளும் பொறிப் பெட்டி ஒன்றைப் படிவத்தில் வைக்கலாம், ஓடிபி கேட்கலாம். படக் கேப்ட்சா இருந்தே ஆக வேண்டும் என்றால் ஒலி வடிவமும் கூடவே வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி-யின் அடிப்படை விதி. அந்த ஒலி ஆங்கிலத்தில் மட்டும், இரைச்சலுக்கு நடுவில் வந்தால், விதிப்படி தேறினாலும் ஊர்ப்பக்கம் யாருக்கும் உதவாது. என் ஓட்டு முதல் மூன்று வழிகளுக்கே.

ஓடிபி வைத்தால் நேரத்தைக் கவனியுங்கள். முப்பது விநாடியில் காலாவதி ஆனால், டாக்பேக்கில் குறுஞ்செய்திக்குப் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் முடிந்துவிடும். நேரக் கெடு வைக்கும்போது அதை நீட்டிக்கொள்ள வழி தர வேண்டும் என்று விதியே இருக்கிறது.

ஆன்லைன் டூல்ல நூத்துக்கு நூறு வந்துச்சு. அப்புறம் ஏன் ஆடிட்ல ஃபெயில் ஆச்சு?

கருவி ஆல்ட் இருக்கிறதா என்று பார்க்கும், சரியாக இருக்கிறதா என்று பார்க்காது. மேலே சொன்ன "படம்" என்ற ஆல்ட்டுக்கும் அது முழு மதிப்பெண் கொடுத்துவிடும். படிவத்தில் எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்குத் தாவுகிறது, அந்த வரிசை புத்திக்கு ஒத்துவருகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

மவுஸைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டு, டேப் விசையை மட்டும் வைத்து ஒரு விண்ணப்பத்தை முடித்துப் பாருங்கள். நான் எங்கே இருக்கிறேன் என்று கட்டம் தெரிகிறதா? காலண்டர் பெட்டிக்குள் போனால் வெளியே வர முடிகிறதா? பிறந்த தேதியில் மாட்டிக்கொண்டு 1967-க்குப் போக மாதம் மாதமாகப் பின்னால் தட்டிக்கொண்டிருந்த ஓர் ஊழியர், அன்று மாலையே அந்தப் பெட்டியில் நேராகத் தட்டச்சு செய்யும் வசதியைக் கேட்டு வாங்கினார்.

எஸ்டிக்யூசி சர்டிபிகேட் வாங்கியாச்சு, சைட்டும் எஸ்3வாஸ்-லதான் இருக்கு. இனிமே கவலை இல்லதானே?

எஸ்3வாஸ் என்ஐசி தரும் தள வசதி. மெனு, தலைப்பு அமைப்பு, கீபோர்டு நகர்வு எல்லாம் அதன் டெம்ப்ளேட்டில் வந்துவிடும். நீங்கள் உள்ளே போடும் பிடிஎஃப்-ஐ அது திருத்தாது. சான்றிதழும் அப்படித்தான், ஆடிட் நடந்த அன்றைய தளத்துக்கு அது பொருந்தும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், சான்றிதழ் வந்த மூன்றாவது மாதம் முகப்பைத் திறந்தேன். ஏழு போஸ்டர், ஆறுக்கு ஆல்ட் இல்லை, ஏழாவதின் ஆல்ட் "புதியது இறுதி 2". சான்றிதழ் மட்டும் ஃபிரேம் போட்டுச் சுவரில் தொங்கியது.

புரோகிராமரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. தளம் கெடுவது தினமும் காலை பதினொரு மணிக்கு, பதிவேற்றத்தில். ஜிஐஜிடபிள்யூ ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் இணையத் தகவல் மேலாளரை நியமிக்கச் சொல்கிறது. பெரும்பாலான இடங்களில் அது காகிதத்தில் ஒரு பெயர். அவரைப் போடும்போதே, பதிவேற்றும் எழுத்தருக்குக் கோப்பைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தையும் கொடுங்கள். "ஸ்கேன் வேண்டாம், மூலக் கோப்பு அனுப்புங்கள்" என்று மேலே உள்ள பிரிவுக்குச் சொல்ல அந்த எழுத்தருக்கு இப்போது தைரியம் இல்லை.

பொதுமக்கள் குறையை யார்கிட்ட சொல்றது?

முதலில் தளத்திலேயே தொடர்பு விவரம் இருக்கும் அந்தத் தகவல் மேலாளரிடம். பதில் இல்லையென்றால், மாநில அரசுத் தளத்துக்கு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர், மத்திய அரசுத் தளத்துக்கு டெல்லியில் தலைமை ஆணையர். பக்கத்தின் முகவரி, என்ன செய்ய முயன்றீர்கள், எந்த ஸ்க்ரீன் ரீடர், எங்கே நின்றது என்ற நான்கையும் எழுதுங்கள். "சைட் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் "சரிபார்க்கப்பட்டது, நன்றாக உள்ளது" என்று பதில் வந்து முடிந்துவிடும்.

இத்தனை வருஷத்துல ஒரு மாற்றுத்திறனாளிகூட எங்க சைட் பத்திப் புகார் கொடுத்ததே இல்ல. அப்ப நல்லாத்தானே இருக்குன்னு அர்த்தம்?

இதைக் கேட்டவரின் தளத்தை அங்கேயே திறந்து, புகார் படிவத்துக்குப் போனோம். பெயர், தொலைபேசி, குறை, மூன்று பெட்டி. கடைசியில் ஒரு படக் கேப்ட்சா, ஒலி கிடையாது.